குரங்கணி ஜீப்பில் இரண்டு பேருக்கு மட்டும் புரிந்த பேச்சு

போடி பஸ் ஸ்டாண்டில் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றால் டீக்கடைக்காரர் கேட்பார்: "என்னண்ணே, வீட்டுல அர்ச்சனையா? ஒரு வார்த்த திருப்பிப் பேச விடமாட்டேங்குறாங்க போல." நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவேன். என் வீட்டுக்காரி பாவம், அந்த நேரம் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். என் காதில் பேசுவது போனுக்குள் இருக்கும் குரல். திரையில் என்ன எழுத்து இருக்கிறதோ, எதன் மேல் என் விரல் படுகிறதோ, அதைப் படித்துச் சொல்லும் குரல். படித்தவர்கள் அதற்குத் திரைவாசிப்பான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரி வைத்த பெயர் 'உங்க சின்ன வீடு'. எந்நேரமும் காதோடு கிசுகிசுக்கிறதாம், அவளுக்கு ஒன்றும் விளங்குவதில்லையாம்.

எனக்குச் சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. பிழைப்புக்கு எடுத்துக்கொண்டது கல்யாணத் தரகு. இப்போது முழங்கால் மக்கர் பண்ணுவதால் ஜீப்பில் ஏறி இறங்க முடியவில்லை, தொழிலை விட்டாகிவிட்டது. போன வாரம் தொழிலுக்குப் புதிதாக வந்த நீங்கள் நாலைந்து பேர் வீடு தேடி வந்து, "கண்ணு தெரியாம இத்தன கல்யாணம் எப்படிண்ணே முடிச்சீங்க, ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். உங்களில் ஒருவருக்கு என்னைப் போலவே பார்வை இல்லை என்பது, அவர் படியேறும்போதே சட்டைப் பைக்குள்ளிருந்து வந்த குரலில் தெரிந்துவிட்டது. அவருக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் கெட்டுப்போக மாட்டீர்கள்.

ஜாதகப் பொருத்தம் பார்ப்பதையும் சீர் பேசுவதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் தொழிலின் உயிர் ரகசியம். பூ வைத்து உறுதி செய்கிற வரைக்கும் பேச்சு வெளியே கசியக் கூடாது. கசிந்தால் கலைத்துவிட ஆள் இருக்கிறது. அந்தக் காலத்தில் மொட்டைக் கடிதாசி போட்டார்கள், இப்போது மொட்டை மெசேஜ் போடுகிறார்கள். இந்த லட்சணத்தில், வருகிற மெசேஜையெல்லாம் சத்தம் போட்டுப் படிக்கிற போனை ஒரு தரகன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது என்றால், மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான்.

முதலில் அந்தக் குரலை அடக்க இயர்போன் வாங்கினேன். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன். நமக்குக் காதுதான் கண். இரண்டையும் அடைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் ஆட்டோ வந்து முதுகில் சொல்லும். ஒற்றைக் காதில் குரல், மற்றக் காதில் ஊர், எல்லாம் பத்திரம் என்று நிம்மதியாக இருந்தேன். அப்படி இருக்கையில் ஒரு நாள் தேனி பஸ்ஸில் போகிறேன். ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து படம் வந்தது. காதில் "படம்" என்று மட்டும் குரல் சொன்னது. சரி, சேர்ந்துவிட்டது என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் என்னை இடித்தார். "அண்ணே, பொண்ணு லட்சணமா இருக்கே. இது நம்ம பெரிய வாய்க்காத் தெரு வாத்தியாரு பொண்ணுல்ல?"

பெண்ணின் முகம் திரை முழுக்க விரிந்து, பளபளவென்று மடியில் கிடந்திருக்கிறது. பின் சீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்திருப்பார். சத்தம் எனக்குத் தெரிந்த சங்கதி, அதைப் பொத்தி வைத்தேன். போனிலிருந்து வெளிச்சம் என்று ஒன்று வரும் என்பது என் நினைவிலேயே இல்லை. கண் தெரிந்த எந்தத் தரகனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

அந்த நேரத்தில் பதறினால் காரியம் கெட்டது. சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். "அதுல என்ன தெரியுதுன்னு நீங்கதாம்ப்பு சொல்லணும். பொண்ணு போட்டாவா? எனக்கெதுக்கு அனுப்புறாங்க? யாரோ நம்பர் மாத்திப் போட்டுட்டாங்க போல" என்றேன். மனிதர் என் முகத்தைப் பார்த்திருப்பார். "அட, ஆமால்ல, பாவம்" என்று விட்டுவிட்டார். கண் தெரியாததால் வந்த வினையைக் கண் தெரியாததை வைத்தே சமாளித்தேன். அன்று இரவே திரையை இருட்டாக்கி வைக்கும் வசதியைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டேன். இப்போது என் போனை யார் எட்டிப் பார்த்தாலும் கருப்புப் பலகைதான். "அண்ணே, போன் செத்துருச்சு, சார்ஜ் போடுங்க" என்று இரக்கப்பட்டு யாராவது சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டுத் தடவிக்கொண்டே இருப்பேன்.

அடுத்து இயர்போனுக்கு வந்தது ஆபத்து. ஒரு பெண் வீட்டில் பேச்சு நடக்கும்போது பெண்ணின் தாய்மாமன், "காதுல என்னத்தயோ மாட்டிக்கிட்டுல்ல உக்காந்திருக்காரு தரகரு. நாம பேசுறது காதுல ஏறுதா இல்ல பாட்டுக் கேக்குறாரா?" என்று கேட்டுவிட்டார். சபையில் அது மரியாதைக் குறைச்சல்தான். கழற்றிப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழிதான் வேகம்.

அந்தக் குரலின் வேகத்தை நாம் கூட்டிக்கொண்டே போகலாம். தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் காது பழகிவிடும். ஒரு கட்டத்தில், ஒரு பக்கக் கடிதத்தை ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் கேட்டு முடித்துவிடலாம். மற்றவர்களுக்கு அது பேச்சாகவே தோன்றாது, வண்டு இரைவது போல இருக்கும். இது எனக்குப் பிடிபட்ட பிறகு இயர்போனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பஸ்ஸில், ஜீப்பில், சம்பந்தி வீட்டுக் கூடத்தில், எல்லோருக்கும் நடுவில் ரகசியத்தைச் சத்தமாகவே ஓட விடுவேன். ஒருத்தருக்கும் புரியாது. எனக்கு அதில் ஒரு திமிரே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஊர் நடுவில் பூட்டில்லாத பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, 'எடுத்துக்கங்கடா பாப்போம்' என்று சிரிப்பது போன்ற திமிர்.

இன்னொரு சங்கதியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். எனக்குத் தொழில் காட்டிய மூத்த தரகர் ஒரு விதி வைத்திருந்தார்: "தரகன் பந்தியில உக்காரணும், போட்டாவுல நிக்கக் கூடாது." நாளைக்குப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், ஆல்பத்தைத் திறக்கும்போது 'இந்தாளு முடிச்சு வச்சதுதான்' என்று நம் முகத்தைப் பார்த்துச் சபிப்பார்களாம். நான் அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தாலி ஏறியதும் பந்திக்குப் போய்விடுவேன், சாப்பிட்ட கையோடு பக்கவாட்டு வழியாகக் கிளம்பிவிடுவேன். ஒருவரும் என்னை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. விதி மட்டும் அதற்குக் காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும், கூப்பிடாதவர்களுக்கும் தெரியும். நல்ல காரியத்தில் கண் தெரியாதவன் முன்னால் நிற்பதை யாரும் விரும்புவதில்லை. அவர்கள் சொல்ல வேண்டிய கஷ்டத்தை நானே மிச்சப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஜீப்புக்கு வருகிறேன்.

ராசிங்காபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பம். இரண்டு பெண்கள். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "அவ கல்யாணமே வேணாம்னுட்டா, சின்னவளுக்குப் பாருங்க" என்று அப்பா சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பேசினேன், காபி குடித்தேன். மூத்தவளைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு வீட்டில் இடம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை, அக்காதான் எல்லாம் பேசுவார். பெண் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. சின்னவளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது என்பது, அவள் எனக்குக் கொடுத்த காபியில் அன்று விழுந்த கூடுதல் சர்க்கரையிலேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமை பூ வைப்பதாக ஏற்பாடு.

அந்த வாரம் ஒரு காலையில் குரங்கணியில் ஒரு காபித் தோட்டக்காரரைப் பார்க்க வேண்டியிருந்தது. பஸ் போய்விட்டதால் ஜீப்பில் ஏறினேன். ஆள் மேல் ஆள், ஆளுக்கு மேல் மூட்டை. நான் பின்பக்கப் பலகையில் ஒண்டிக்கொண்டேன். வண்டி ஊரைத் தாண்டியதும் மாப்பிள்ளையின் அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. அந்த அம்மா குரலில் பேசி அனுப்பவே மாட்டார். யார் காதிலாவது விழுந்துவிடுமாம், எழுதித்தான் அனுப்புவார். நான் வழக்கம்போல முழு வேகத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி ஓட விட்டேன்.

"தரகரே, பொண்ணோட அக்காவுக்குக் கண்ணு தெரியாதுன்னு இப்பத்தான் எங்களுக்குத் தெரிய வந்துச்சு. நீங்களும் அப்படிங்கறதால மறைச்சீங்களா? போகட்டும், தம்பிக்குப் பொண்ணப் பிடிச்சிருக்கு. ஆனா வெள்ளிக்கிழம நாங்க பூ வைக்க வர்றப்ப அந்தப் புள்ள வீட்டுல இருக்கக் கூடாது. கல்யாணத்துலயும் மேடப் பக்கம் வரக் கூடாது, சகுனம் சரியா இருக்காது. சரின்னா சொல்லுங்க, மேல பேசுவோம்."

நான் மறுபடி ஓட விட்டுக் கேட்டேன். மூத்தவளுக்குக் கண் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்து காபி குடித்த வீட்டில் என்னிடமே மறைத்திருக்கிறார்கள். 'நீங்களும் அப்படிங்கறதால' என்ற வார்த்தை வேறு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் தரகன் மனசு எப்போதும் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கும். இப்போதைக்குச் சரி என்று சொல்லிவைப்போம், பூ வைக்கிற அன்று அந்தப் பெண்ணுக்கு வேலை நாள்தானே, பள்ளிக்கூடம் போய்விடுவாள், கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். 'சரிங்கம்மா, பேசிக்கிறேன்' என்று அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் பட்ட இடத்தையெல்லாம் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. அனுப்பும் இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"அனுப்பிறாதீங்க ஐயா."

எதிர்ப் பலகையிலிருந்து ஒரு பெண்ணின் குரல். தணிந்த குரல்தான். என் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"போனக் குடுங்க, நீங்க கேட்ட நம்பர நான் போட்டுத் தர்றேன்" என்று அந்தக் குரல், இந்த முறை நாலு பேர் கேட்கும்படி சொன்னது. நான் எந்த நம்பரையும் கேட்கவில்லை. ஆனாலும் கொடுத்தேன். என் கையைத் தடவித்தான் அவள் போனை வாங்கினாள். அந்தத் தடவலிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

நான் அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அவள் அழிப்பதை என் போன் குரல், என் வேகத்திலேயே சொன்னது. பிறகு அவள் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்து அதன் மேல் விரலை வைத்தாள். ஜீப்பு முழுக்கக் கேட்கும்படி போன் படித்தது.

"நான்தான் அந்த அக்கா."

இத்தனை வருஷம் நான் நம்பிய பூட்டுக்கு இன்னொரு சாவி உண்டு என்று எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். கண் தெரிந்தவர்களிடமிருந்துதான் ஒளிந்துகொண்டிருந்தேன். என்னைப் போலவே காதைப் பழக்கிய ஒருத்தி எதிரில் உட்கார்ந்து கேட்பாள் என்று நினைத்ததே இல்லை.

போன் என் கைக்கு வந்தது. "உங்கப்பா சொல்லவே இல்லையே ஆத்தா" என்று எழுதிக் கொடுத்தேன். போன் படித்தது. அவள் வாங்கி எழுதினாள். "நீங்க வீட்டுக்கு வந்தப்ப நான் உள் ரூம்லதான் இருந்தேன். சத்தம் காட்டாதன்னு அப்பா சொல்லிட்டாரு. உங்க போன் பேசுறதக் கேட்டுக்கிட்டே இருந்தேன். என் போனவிட வேகம்." கண் தெரியாத ஒருத்தியைக் கண் தெரியாத ஒருவனிடமிருந்து ஒளித்திருக்கிறார்கள். மூச்சுச் சத்தத்தை மட்டும் அடக்கினால் போதுமே, என்ன சுலபமான வேலை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அது என்ன, தகரத்துல ஆணியப் போட்டுக் கீறுன மாதிரி? போன் ரிப்பேரா?"

"பூச்சி கீச்சி உள்ள போயிருக்கும்" என்றார் மடியில் கோழியை வைத்திருந்த ஒரு அம்மா.

"டீச்சர் கையில குடுத்துட்டாருல்ல, சரி பண்ணிருவாங்க" என்று யாரோ சொன்னார்கள். தினமும் அந்த வழியில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், எல்லோருக்கும் தெரிந்தவள். அவள் வீட்டு விஷயம் அந்த ஜீப்பில் ஒருவர் காதில் விழுந்தாலும் சாயங்காலத்துக்குள் ராசிங்காபுரம் வரை இறங்கிவிடும். அதனால்தான் வாய் திறக்காமல் போனை இங்கும் அங்குமாகக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். இத்தனைக்கும் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தது மாப்பிள்ளையின் அக்காவுக்குப் பதில் போகும் அதே கட்டத்துக்குள். வேறு இடத்துக்குப் போய் எழுதியிருக்கலாம், அந்த அவசரத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஜீப்பு பள்ளத்தில் விழும்போதெல்லாம், விரல் தவறி எல்லாம் அந்த அம்மாவுக்குப் போய்விடுமோ என்று எனக்குத் திக்திக்கென்றது.

"சரின்னு போடலேன்னா சம்பந்தம் போயிரும்" என்று எழுதினேன்.

அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு போன் படித்தது. "போகலாம், போகாமலும் இருக்கலாம். அத என் தங்கச்சி சொல்லணும், நீங்களும் அப்பாவும் இல்ல. அவளுக்கு அவர ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க சரின்னுட்டு, கல்யாணத்தன்னைக்கு மேடையில நின்னு அவ என்னத் தேடுனா என்ன சொல்லுவீங்க? இந்த மெசேஜ அவகிட்டப் படிச்சுக் காட்டுங்க. மெதுவாப் படிக்க விடுங்க. நான் பக்கத்துல இல்லாதப்ப படிங்க. என் மூஞ்சியப் பாத்தா அவளால நெசத்தச் சொல்ல முடியாது."

பள்ளிக்கூடம் வந்துவிட்டது. எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, "இந்தாங்க ஐயா, நம்பர் போட்டாச்சு" என்று போனை என் கையில் வைத்தாள். கோலைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் கோலின் சத்தம் மறைகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு ராசிங்காபுரம் போனேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னதும், "சரின்னு போட்டு விட்ருங்க தரகரே. மூத்தவளுக்கு இதெல்லாம் பழக்கந்தான்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஒரு மகளுக்காவது விடியட்டும் என்ற தவிப்பு அது. பழக்கந்தான் என்று அவர் சொன்ன விதம் எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. நானே என்னைப் பற்றி அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்னவளைக் கூப்பிடச் சொன்னேன். குரலின் வேகத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, கூடத்தில் வைத்துப் படிக்க விட்டேன். அந்தக் குரலுக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. விலைப் பட்டியல் படிப்பது போல, "மேடப் பக்கம் வரக் கூடாது" என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தது. வேகமாகக் கேட்டபோது எனக்கு அது ஒரு செய்தி. மெதுவாகக் கேட்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

சின்னவள் அழவில்லை. "இது அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அது நியாயமான கேள்வி. போடிக்கு வந்து கடைக்குப் போனேன். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தள்ளி ஆட்கள் ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தார்கள். பைக்குள் கிடந்த இயர்போனை எடுத்து அவர் காதில் மாட்டச் சொல்லி, அவர் அக்கா எழுதியதை மெதுவாக ஓட விட்டேன். கேட்டு முடித்துக் கழற்றிக் கொடுத்தார்.

"அக்கா சொல்றதுல என்னண்ணே இருக்கு? ஒரு நாள் சமாச்சாரந்தான?"

அதை அப்படியே கொண்டுபோய்ச் சின்னவளிடம் சொன்னேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ஒரு நாளுதானாமா" என்றாள். பிறகு, "எனக்கு அவர நெசமாவே பிடிச்சிருந்துச்சு ஐயா" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அடுப்படியில் இருந்த அவள் அம்மா வந்து அணைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை யாரும் பூ வைக்க வரவில்லை.

கூடி வந்த சம்பந்தத்தைக் குருட்டுத் தரகன் கலைத்துவிட்டான் என்று போடி முழுக்கப் பேச்சாயிற்று. அவள் அப்பாவே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வருஷம் ஏலக்காய்ப் பறிப்பு முடிகிற வரைக்கும் புதிதாக ஒரு ஜாதகம் என் வாசலுக்கு வரவில்லை. வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வீட்டுக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று என்று கிண்டல் மட்டும் செய்தாள். செய்தது சரியா தப்பா என்று எனக்கே குழப்பமாக இருந்த நாட்கள் அவை. ஒரு பெண்ணின் ஆசையை முறித்துவிட்டோமே என்ற எண்ணம் சாப்பிடும்போதெல்லாம் வரும்.

பிறகு ஒரு நாள் அந்தச் சின்னவளே போன் செய்தாள். "ஐயா, எனக்கு இன்னும் பாக்குறீங்களா, இல்ல கைகழுவிட்டீங்களா?" எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. சின்னமனூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பையன் வீட்டில் பேசினேன். முதல் நாள் முதல் பேச்சிலேயே அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். "அதுக்கென்ன" என்றார் பையனின் அப்பா. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று மூத்தவள் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேள்வி கேட்டாள். நான் மாப்பிள்ளைக்காகப் பரிதாபப்பட்டேன்.

போடியில்தான் கல்யாணம். தாலி ஏறியது, மேளம் ஓய்ந்தது. வழக்கப்படி நான் பந்திக்கு எழுந்தேன். யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.

"எங்க போறீங்க சித்தப்பா? மேடைக்கு வாங்க."

டீச்சர்தான். ஜீப்பில் ஐயா, இங்கே சித்தப்பா. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "தரகன் போட்டாவுல நிக்கக் கூடாது தாயி, அது எங்க தொழில் விதி" என்றேன்.

"விதிய வச்சவரு கண்ணு தெரிஞ்சவருதான? நாம நிக்கிறது நமக்குத் தெரியப் போறதில்ல. அவங்களுக்குத் தெரியட்டும், வாங்க."

அவள் கோலை ஊன்றி முன்னால் நடந்தாள், நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். கண் தெரியாதவளைக் கண் தெரியாதவன் பிடித்துக்கொண்டு மேடையேறுவதைப் பார்த்து மண்டபமே கொஞ்சம் அடங்கியது. விழுந்துவிடுவோம் என்று நினைத்திருப்பார்கள்.

தம்பிமார்களே, தங்கச்சிமார்களே, திரையை இருட்டாக்கி வையுங்கள், ஒரு காதை ஊருக்கு விடுங்கள், அடுத்தவர் வீட்டுப் பேச்சை உயிரைப் போலப் பாதுகாத்து வையுங்கள். ஆனால் ஒரு ஆளைப் பற்றி ஒரு மெசேஜ் வந்தால், அந்த ஆளுக்கு மெதுவாகப் படித்துக் காட்டாமல் நீங்களாகச் சரி என்று அடிக்காதீர்கள். அதை நான் ஒரு டீச்சரிடம் ஓடுகிற ஜீப்பில் கற்றுக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து சில நாட்கள் கழித்து, தேனியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அந்த ஜீப்புக்குப் பிறகு வெளியில் எனக்கு மறுபடி இயர்போன்தான். காதில் குரல் "படம்" என்றது. அதற்குக் கீழே சின்னவள் எழுதியிருந்தாள். வழக்கமான வேகத்தில் ஒரு முறை கேட்டேன். பிறகு இயர்போனைக் கழற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், சத்தத்தை முழுசாக வைத்தேன், பஸ்ஸுக்கே கேட்கட்டும் என்று விட்டேன். என் தொழிலில் முதல் முறையாக அப்படிச் செய்தேன்.

"சித்தப்பா, போட்டாவுல யார் யார் எங்க நிக்கிறாங்கன்னு எழுதுறேன். நடுவுல நானும் அவரும். எனக்குப் பக்கத்துல அக்கா, என் கையப் புடிச்சிருக்கு. அவருக்குப் பக்கத்துல நீங்க. எல்லாரும் நேராப் பாக்குறோம். அக்காவ நான்தான் திருப்பி நிக்க வச்சேன். நீங்க மட்டும் பந்தி நடக்குற பக்கமாத் திரும்பி நிக்கிறீங்க."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "ஒங்க வீட்டுக் கல்யாணமாண்ணே?" என்று கேட்டார்.

"ஆமப்பு, எங்க வீட்டுக் கல்யாணந்தான்" என்றேன்.